அதியமான்கோட்டையில் நின்ற ஆம்புலன்ஸ்

மாதவராஜ் ஆம்புலன்ஸ் ஓட்ட வந்தது நடுவயதில்தான். அதற்கு முன்னால் அவர் பாலக்கோட்டிலிருந்து சென்னைக்குத் தக்காளி ஏற்றிப் போனவர். தக்காளி வண்டி ஓட்டுகிறவனுக்குப் பிரேக் என்பது எமன். வழியில் நின்று சாவகாசமாக டீ குடித்தால், அடியில் இருக்கும் பெட்டிகள் கசிய ஆரம்பித்துவிடும். மண்டிக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு, இதைக் கொண்டுபோய் மாட்டுக்குப் போடு என்பார். இப்படிப் பல வருஷம் பேச்சு வாங்காமல் ஓட்டிய மனிதர் என்பதால், நிற்காமல் போவதுதான் நல்ல டிரைவருக்கு அழகு என்பது அவர் ரத்தத்தில் ஊறிவிட்டது.

ஆம்புலன்ஸ் வேலைக்கு வந்த பிறகு அந்தக் குணம் இன்னும் முற்றியது. ஆம்புலன்ஸ் டிரைவரைப் பைலட் என்று அழைப்பார்கள். அந்தப் பேர் மாதவராஜுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. நல்லம்பள்ளியில் எந்தக் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும், சாம்பார் வருவதற்குள் பேச்சை அங்கே கொண்டுவந்து விடுவார். "ஏத்துன ஆள எறக்குற வரைக்கும் நம்ம வண்டி சக்கரம் நிக்காதுங்க. ரயில்வே கேட்டே நம்மளப் பாத்தா தொறந்துக்கும்" என்பார். கேட் திறந்ததை யாரும் பார்த்ததில்லை. ஆனால் பந்தியில் உட்கார்ந்து எதிர்க்கேள்வி கேட்கிற வழக்கம் நம்மிடம் கிடையாது.

அவர் மனைவி சுகுணாவுக்கு மட்டும் அந்தத் தயக்கம் இல்லை. "இவரு கூட கோயிலுக்குப் போனா பூ வாங்கக்கூட வண்டிய நிறுத்த மாட்டாருங்க. திரும்பி வர்றப்ப வாங்கிக்கலாங்கறாரு. சாமி கும்புட்டு வந்தப்பறம் பூவ யாரு தலையில போடறது?" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். மாதவராஜ் சிரித்துக்கொள்வாரே தவிர, அடுத்த வெள்ளிக்கிழமையும் நிறுத்த மாட்டார்.

கேலி ஒரு பக்கம் இருக்கட்டும். அவரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து கால் நசுங்கியவர்கள், காட்டு வேலையில் பாம்பு கடித்தவர்கள், பிரசவ வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் அவருடைய வேகத்தால் பிழைத்து இன்றைக்கும் நடமாடுகிறார்கள். சந்தையில் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். அந்தக் கும்பிடுகள் சேரச் சேர, ஆக்ஸிலேட்டரில் இருந்த கால் இன்னும் இறுகியது.

பின்னால் நோயாளியைப் பார்த்துக்கொள்வது பூவிழியின் வேலை. கம்பைநல்லூர்ப் பெண், நர்ஸிங் படித்தவள், அதிர்ந்து பேசாத சாது. அவர் வளைவில் திருப்புகிற திருப்பில் மருந்து அலமாரியில் அவள் தலை இடித்துக்கொள்ளாத நாள் குறைவு. "அண்ணா, கொஞ்சம் பாத்து" என்பாள். "கம்பியப் புடிச்சிக்கம்மா" என்பார் அவர். இரண்டு பேருக்கும் இடையில் பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான்.

அந்த வண்டியில்தான் ஒருநாள் டேப்லெட்டைக் கொண்டுவந்து மாட்டினார்கள். ஸ்ட்ரெச்சருக்கு மேலே ஒரு தாங்கி, அதில் சிலேட்டு அளவுக்கு ஒரு திரை, அதற்கு ஒரு கேமரா. மோசமான நிலையில் இருக்கிற குழந்தையை ஏற்றினால் பொத்தானை அமுக்க வேண்டும். பெருநகரத்து ஆஸ்பத்திரியில் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு டாக்டர் ஒருவர் திரையில் வருவார். குழந்தையைப் பார்த்துக்கொண்டே, வண்டி போகிற வழியிலேயே என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுவார். பயிற்சி கொடுக்க வந்தவர் விளக்கி முடித்ததும் மாதவராஜ் ஒரே கேள்விதான் கேட்டார்.

"டாக்டரு பொட்டிக்குள்ள ஒக்காந்துகினு என்னாங்க பண்ணுவாரு? ஊசி போடுவாரா? அத்தினி தூரத்துல இருந்து பாக்கறதுக்குள்ள நான் பெரியாஸ்பத்திரி வாசல்ல நிப்பாட்டிருவனே."

பயிற்சி கொடுத்தவர் சிரித்து மழுப்பிவிட்டார். பூவிழி மட்டும் அந்தத் திரையைத் துணியால் துடைத்து, பொத்தானை இரண்டு தடவை அமுக்கிப் பார்த்துக்கொண்டாள். பின்னால் தனியாக உட்கார்ந்து வருகிறவள் அவள்தானே.

கார்த்திகை மாதத்தில் ஒரு காலை. ராத்திரி பெய்த மழையில் ரோடெல்லாம் ஈரம். நல்லம்பள்ளிக்கு மேற்கே உள்ளடங்கிய, நாலைந்து வீடுகளே உள்ள ஒரு கொட்டாயிலிருந்து அழைப்பு வந்தது. ஐந்து மாதக் கைக்குழந்தை, மூச்சு இழுக்கிறது என்றார்கள். சோளக்காட்டு நடுவே மண் பாதையில் மாதவராஜ் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியபோது, குழந்தையின் அப்பன் முருகேஷ் பாதை நடுவிலேயே நின்று இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டிருந்தான். கல் குவாரியில் வேலை செய்கிற திடகாத்திரமான ஆள். அவன் முகம் அழுது வீங்கியிருந்தது. அவனுக்குப் பின்னால் அவன் மனைவி சுசித்ரா குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள்.

குழந்தைக்குப் பேர் கவிப்பிரியா. கல்யாணமாகி ரொம்ப வருஷம் கழித்துப் பிறந்தவள். குல்லா, சொட்டர், அதன்மேல் ஒரு டர்க்கி டவல், அதன்மேல் அம்மாவின் முந்தானை என்று அவளை மூட்டையாகக் கட்டியிருந்தார்கள். காற்று பட்டால் சளி முற்றிவிடும் என்று எல்லா அம்மாக்களையும் போல சுசித்ராவும் நம்பினாள். கன்னத்தில் ஒன்று, நெற்றியில் ஒன்று, உள்ளங்காலில் ஒன்று என்று கறுப்புப் பொட்டு வேறு.

பூவிழி குழந்தையை வாங்கி ஸ்ட்ரெச்சரில் போட்டாள், ஆக்ஸிஜனை வைத்தாள், பொத்தானை அமுக்கினாள். திரையில் கண்ணாடி போட்ட ஒரு பெண் முகம் வந்தது. "நான் டாக்டர் எழிலரசி. குழந்தையக் காட்டுங்க" என்றது.

சுசித்ரா சட்டென்று முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடினாள். "போன்லல்லாம் காட்டாதீங்க அக்கா! இதுவரைக்கும் ஒரு போட்டோ எடுக்கல நாங்க. கண்ணு பட்டுரும்."

பூவிழி திரையைப் பார்த்தாள். திரையில் இருந்தவர்தான் பேசினார். "அம்மா, நான் முகத்தப் பாக்கவே இல்ல. முகத்த மூடிக்கூட வச்சிக்கோங்க. நெஞ்சு எப்படி ஏறி எறங்குதுன்னு மட்டும் காட்டுங்க. சொட்டரக் கழட்டுங்க, போதும்."

சுசித்ரா ஒரு கணம் யோசித்தாள். பிறகு அவளே முடிச்சுகளை அவிழ்த்தாள். உள்ளே இருந்த சின்ன நெஞ்சுக்கு நேராகப் பூவிழி கேமராவைத் திருப்பினாள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்கு நடுவில் தோல் குழி விழுந்தது. டாக்டர் எழிலரசி குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னார். குழந்தை மூச்சு விட்டு விட்டே களைத்துப் போய்விட்டது, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வாருங்கள், தருமபுரி ஆஸ்பத்திரிக்கு நான் சொல்லித் தயாராக வைக்கிறேன், கிளம்புங்கள் என்றார்.

கிளம்புங்கள் என்ற சொல் காதில் விழுந்ததுமே மாதவராஜ் கிளம்பிவிட்டார். முருகேஷ் அவர் பக்கத்து சீட்டில். மண் பாதை முடிந்து தார் ரோடு வந்தது. நல்லம்பள்ளிக் கடைவீதியில் சைரன் கேட்டு ஜனம் ஒதுங்கியது. நாலு வழிச் சாலையில் ஏறியதும் மாதவராஜ் முழு மூச்சாக மிதித்தார். "பயப்படாத முருகேசு. நம்ம வண்டி நிக்காது" என்று அவனுக்குத் தைரியம் சொன்னார்.

பின்பக்கம் நடப்பது இடையில் இருந்த சிறிய ஜன்னல் வழியாக அவருக்குக் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. படம் ரொம்ப ஆடுகிறது, நெஞ்சு தெரியவில்லை என்றார் டாக்டர். "அண்ணா, கொஞ்சம் மெதுவா" என்றாள் பூவிழி. தினமும் கேட்கிற பாட்டுத்தானே என்று மாதவராஜ் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பொட்டிக்குள் இருப்பவருக்குப் படம் ஆடினால் என்ன, ஆடாவிட்டால் என்ன? ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்ப்பதல்லவா முக்கியம் என்று நினைத்துக்கொண்டார்.

அதியமான்கோட்டை நெருங்கும்போது சுசித்ரா கத்தினாள். கவிப்பிரியா மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தாள்.

பூவிழி குழந்தையின் வாய் மூக்கின் மேல் மாஸ்க்கை அமுக்கி, அதில் மாட்டியிருந்த ரப்பர் பையை அழுத்தினாள். மாஸ்க்கை ஒரு கையால் பிடிக்க வேண்டும், பையை இன்னொரு கையால் அமுக்க வேண்டும், போகிற வேகத்தில் தானும் கீழே விழாமல் இருக்க வேண்டும். வண்டி குலுங்கும்போதெல்லாம் மாஸ்க் ஒரு பக்கம் நழுவியது. பையில் இருந்த காற்று குழந்தைக்குள் போகாமல் கன்னத்தோரமாகவே தப்பித்துப் போனது.

"நெஞ்சு எழும்பல பூவிழி. காத்து உள்ள போகல. ரெண்டு கையாலயும் மாஸ்க்கப் பிடிக்கணும். பைய அமுக்க இன்னொரு ஆள் வேணும். இந்தக் குலுக்கல்ல முடியாது, வண்டிய நிறுத்தச் சொல்லுங்க, டிரைவர் பின்னால வரட்டும்."

மாதவராஜுக்கு அது கேட்டது. கேட்டும் நம்ப முடியவில்லை. எதிரே மேம்பாலம் தெரிகிறது. அதைத் தாண்டினால் டவுன், டவுனுக்குள் ஆஸ்பத்திரி. "பத்தே நிமிசம் மேடம்! கொண்டாந்து சேத்தர்றேன்!" என்று ஜன்னல் பக்கம் திரும்பாமலே கத்தினார்.

"அண்ணா, ஆஸ்பத்திரி பத்து நிமிஷத்துல வந்துரும். குழந்தைக்கு இப்பக் காத்து இல்ல. பத்து நிமிஷம் தாங்காது. நீங்க நிறுத்தினாத்தான் காத்து போகும்." டாக்டரின் குரலில் இப்போதுதான் முதல் தடவையாக நடுக்கம் இருந்தது.

கால் ஆக்ஸிலேட்டரை விட்டு எழவில்லை. பொய் சொல்லுவானேன், இத்தனை வருஷமும் அந்தக் காலைப் பழக்கியவர் அவர்தான். இப்போது அதுவே அவர் பேச்சைக் கேட்கவில்லை. நிறுத்தி, இந்தப் பிள்ளை போய்விட்டால்? நடுரோட்டில் வண்டியை நிறுத்திக் குழந்தையைக் கொன்றவன் என்று ஊர் சொல்லுமே! நிறுத்தாமல் போய்விட்டால் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை, விதி என்பார்கள். இதெல்லாம் ஒரு பெட்டிக்கடையைக் கடக்கிற நேரத்துக்குள் அவர் மனதில் ஓடியது.

"மாதவராஜண்ணா! நிறுத்துடா வண்டிய!"

பூவிழிதான். அண்ணா என்று ஆரம்பித்து டா என்று முடித்திருந்தாள். அந்த வாயில்லாப் பூச்சி அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. மாதவராஜ் சாலையோரத்து டயர் கடை முன்னால் பிரேக்கை மிதித்தார்.

வண்டி நின்றதுதான் தாமதம், முருகேஷ் அவர் சட்டையைப் பிடித்துவிட்டான். "ஏன்யா நிறுத்துன? ஆஸ்பத்திரி அங்க இருக்குது, இங்க ஏன்யா நிறுத்துன? எம்புள்ள போவுதுய்யா!" கல் உடைக்கிற கை, காலர் கிழிந்து கையோடு வந்தது. அவனிடம் விளக்கம் சொல்ல மாதவராஜுக்கு நேரம் இல்லை. அவனையும் இழுத்துக்கொண்டே இறங்கிப் பின்கதவைத் திறந்து ஏறினார்.

வண்டி நின்றதும் படமும் ஆடாமல் நின்றிருந்தது. "இப்பத் தெரியுது" என்றார் டாக்டர். "தோளுக்கு அடியில அந்த டவல மடிச்சி வைங்க. தலைய நேரா வைங்க. மொதல்ல மூக்கு, வாய உறிஞ்சி எடுங்க." பூவிழி குழாயை வைத்து உறிஞ்சியதும் பசை போலக் கெட்டியாகச் சளி வந்தது. பிறகு இரண்டு கைகளாலும் மாஸ்க்கைப் பிடித்துக்கொண்டாள். மாதவராஜ் பையைப் பிடித்தார். ஸ்டியரிங் பிடித்துக் காய்த்துப்போன கை, அந்தச் சின்னப் பையை முழுசாக மூடிக்கொண்டது.

"டிரைவரண்ணா, மெதுவா. பிழிஞ்சிராதீங்க. நெஞ்சு லேசா எழும்புற அளவுக்கு மட்டும். நான் சொல்லச் சொல்ல அமுக்குங்க. அமுக்கு. விடுங்க. விடுங்க. அமுக்கு."

முதல் தடவை ஒன்றுமில்லை. இரண்டாவது தடவையும் ஒன்றுமில்லை. பூவிழி தாடையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள். மூன்றாவது அமுக்கில் அந்தச் சின்ன நெஞ்சு எழும்பியது. கறுப்புக் கயிறு கட்டியிருந்த கழுத்துக்குக் கீழே, எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி எழும்பி இறங்கியது.

"அதேதான்! அதேதான் அண்ணா. நிறுத்தாதீங்க!"

வெளியே கூட்டம் கூடிவிட்டது. நின்றுவிட்ட ஆம்புலன்ஸைப் பார்த்தால் நம்மூரில் யாருக்குத்தான் கை சும்மா இருக்கும்? ஒருவர் கதவைத் தட்டி, வண்டி ரிப்பேரா, என் காரில் ஏற்றுங்கள் என்றார். இன்னொருவர், டிரைவருக்கு முடியலன்னா நான் ஓட்டறேன், லாரி லைசென்ஸ் இருக்குது என்றார். டயர் கடைக்காரர்தான் புத்திசாலி. உள்ளே எட்டிப் பார்த்தவர், ஒன்றும் கேட்காமல் திரும்பி நின்று கூட்டத்தை விரட்ட ஆரம்பித்தார்.

நீலம் பாரித்திருந்த உதடு மெல்ல நிறம் மாறியது. மாதவராஜ் பையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சுசித்ரா குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "வெதவெதன்னு இருக்குதுங்க, வெதவெதன்னு இருக்குதுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அப்புறம் ஒரு தடவை, டாக்டர் அமுக்கச் சொல்லும் முன்பே நெஞ்சு தானாக ஒரு மூச்சு இழுத்தது. இன்னும் கொஞ்சம் கழித்து இன்னொன்று. ஆனால் போதாது. ஆஸ்பத்திரி போகிற வரைக்கும் கூடவே அமுக்கிக்கொண்டு போகத்தான் வேண்டும் என்றார் டாக்டர்.

"அப்ப வண்டிய யாரு ஓட்டறது?" என்றாள் பூவிழி.

"அப்பா எங்க? அப்பா அமுக்கட்டும்."

முருகேஷ் கதவோரத்தில் கிழிந்த காலரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தான். மாதவராஜ் அவன் கையைப் பிடித்துப் பையின் மேல் வைத்தார், தன் கையை அவன் கைமேல் வைத்தார். இரண்டு பேரும் சேர்ந்து அமுக்கினார்கள். "இம்புட்டுதான் முருகேசு. கோவிச்சிக்காம மெதுவா. நெஞ்சப் பாரு, எம்மூஞ்சியப் பாக்காத." நாலைந்து அமுக்கில் அவன் கை பழகிவிட்டது. மாதவராஜ் தன் கையை எடுத்துக்கொண்டார்.

"அண்ணா, ஒண்ணே ஒண்ணு," என்றார் டாக்டர். "மாஸ்க் நழுவாத மாதிரி போங்க. எவ்வளவு மெதுவா வேணும்னாலும் போங்க. உங்களத்தான் நம்பியிருக்கோம்."

நம்பியிருக்கோம் என்ற வார்த்தையை, வேகமாகப் போகச் சொல்கிறவர்கள் வாயிலிருந்துதான் அவர் இதுவரை கேட்டிருக்கிறார். வண்டியை எடுத்தார். பள்ளம் எங்கே, ஒட்டு எங்கே, வேகத்தடை எங்கே என்று இத்தனை நாள் மேலே ஏறித் தாவிப் போன ரோட்டை, அன்றைக்குத்தான் ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். சைரன் அலறுகிறது, வண்டியோ ஊர்கிறது. மணல் லாரி தாண்டிப் போனது. டவுன் பஸ் தாண்டிப் போனது. வைக்கோல் ஏற்றிய டெம்போ ஒன்றுகூடத் தாண்டிப் போய், அதன் டிரைவர் திரும்பி முறைத்தான். மாதவராஜ் எதையும் பார்க்கவில்லை. பின்னால் டாக்டரின் குரல் ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. அமுக்கு, விடுங்க, விடுங்க. அந்தத் தாளம் தவறாமல் கேட்கிற வரைக்கும் குழந்தை இருக்கிறது என்று அர்த்தம். அவருக்குக் கண்ணீர் வந்துகொண்டே இருந்தது. துடைக்க ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்தால் வண்டி ஆடுமே என்று அப்படியே விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டரும் நர்ஸுகளும் தயாராக நின்றார்கள். ஒரு நொடி தாமதமில்லை. குழந்தையை, மாஸ்க்கை, பையை அப்படியே வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பூவிழி ஓடினாள், சுசித்ரா ஓடினாள், முருகேஷ் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். மாதவராஜ் மட்டும் வண்டிப் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அப்போது வண்டிக்குள் யாரோ பேசினார்கள்.

"ஹலோ? யாராவது இருக்கீங்களா?"

மாதவராஜ் உள்ளே எட்டிப் பார்த்தார். திரையில் டாக்டர் எழிலரசி இருந்தார். கேமராவுக்குக் கீழே வெறும் ஸ்ட்ரெச்சர், கசங்கிய டவல், ஒற்றைக் குல்லா. அதையே பார்த்துக்கொண்டிருந்தார் அவர். அவசரத்தில் அவரை எல்லாருமே மறந்துவிட்டிருந்தார்கள்.

"பூவிழி? குழந்தை என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்."

அந்த முகத்தை மாதவராஜ் இப்போதுதான் சரியாகப் பார்த்தார். தன் மகள் வயதுதான் இருக்கும். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். பயம் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்த மனிதருக்கு அதைப் பார்த்ததும் என்னவோ செய்தது.

"நான் டிரைவருங்க மேடம். உள்ள கொண்டு போயிட்டாங்க. எனக்கும் ஒண்ணும் தெரியலிங்க. இருங்க, கட் பண்ணிராதீங்க."

தாங்கியிலிருந்து டேப்லெட்டைக் கழற்றினார். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினார். அவசர சிகிச்சைப் பிரிவு வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார். கதவு சாத்தியிருந்தது. அதற்கு முன்னால் மாதவராஜ் நின்றார், டாக்டரும் அவர் கையில் காத்திருந்தார். உள்ளே என்னவோ உருட்டுகிற சத்தம், யாரோ எதையோ கேட்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமே இல்லை. மாதவராஜ் தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டு முடித்து, மறுபடி முதல் சாமிக்கு வந்திருந்தார்.

அப்போது உள்ளேயிருந்து ஓர் அழுகை கேட்டது. தொண்டை கட்டிய, கம்மலான, கோபமான அழுகை. ஊசி குத்தியிருப்பார்கள் போலிருக்கிறது. நின்றது, மூச்சு வாங்கியது, மறுபடி முதலிலிருந்து அழுதது.

மாதவராஜ் டேப்லெட்டைத் தலைக்கு மேலே தூக்கி, கதவோடு ஒட்டினாற்போல் பிடித்தார்.

"கேக்குதுங்களா மேடம்?"

"கேக்குது" என்றது மேலேயிருந்து டாக்டரின் குரல். அழுதுகொண்டே சிரித்தது. "கேக்குதுண்ணா. நம்ம குழந்தைதானே?"

"நம்ம புள்ளதாங்க" என்றார் மாதவராஜ். "நல்லாக் கேளுங்க. நம்ம புள்ளதான் அழுவுது."